கணவாயில் வைத்த கல்

5-5-1982, புதன்

காலையில் மேகம் இருந்தது, மழை இல்லை. மருமகள் காந்தா கேழ்வரகுக் களி கிண்டினாள். பசு சரியாகக் கறக்கவில்லை. மகன் முனியன் அதைத் திட்டினான்.

இதையெல்லாம் எழுதலாமா என்று ராஜவேலு வாத்தியாரைக் கேட்டேன். எங்கள் ஊரில் முதியோர் பள்ளி நடத்தி எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். "தோணுனத எழுதுங்க பெரியவரே, யாரு வந்து பாக்கப்போறாங்க" என்றார். தோன்றுவது என்று எனக்கு ஒன்றும் இல்லை. ஆறு மாதமாக உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். 'பசு' என்று எழுதிவிட்டுத் தலையைத் தூக்கினேன். எதிரே பசு நின்றது. தாளில் ஒன்று, கொட்டகையில் ஒன்று. மாறி மாறிப் பார்த்துச் சிரித்துவிட்டேன். முனியன் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

8-5-1982, சனி

கை வலி. பேனாவை மண்வெட்டி மாதிரிப் பிடிக்கிறேனாம், வாத்தியார் சொன்னார்.

9-5-1982, ஞாயிறு

வாத்தியார் போளூர்ப் பக்கத்து ஆள். கணவாயில் கிடக்கும் கற்கள் எதற்கு என்று கேட்டார். வாயால் சொல்லப் போனால் எனக்குக் குழம்புகிறது. எழுதிப் பார்க்கிறேன்.

பஸ் மலை ஏறி முடிக்கிற இடத்தில் கணவாயம்மன் இருக்கிறாள். மலையை விட்டுக் கீழே போகிறவர்கள் ஆளுக்கு ஒரு கல்லைப் பொறுக்கி அவள் முன்னால் வைத்துவிட்டு இறங்குவோம். நான் போகிறேன், இது இங்கே இருக்கட்டும், வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். திரும்பி வந்ததும் அதை எடுத்துச் சரிவில் உருட்டிவிடுவோம். உருட்டினால்தான் ஆள் வந்து சேர்ந்ததாகக் கணக்கு.

போனவர் வரவே இல்லை என்றால் கல் அங்கேயே இருக்கும். பெண்சாதியின் கல்லைப் புருஷன் எடுக்க வேண்டும், புருஷனின் கல்லைப் பெண்சாதி எடுக்க வேண்டும். இருவரும் இல்லாவிட்டால்தான் பிள்ளை. அதை உருட்டக் கூடாது. வீட்டு நிலத்துக்குக் கொண்டுவந்து வைத்து, முதல் கைப்பிடி சாமையை அதன்மேல் தூவ வேண்டும். அப்போதுதான் போனவர் வீடு வந்து சேர்ந்தார் என்பது. அதுவரை அந்த வீட்டில் விதைக்கூடையை அவிழ்க்கக் கூடாது.

முனியனின் அம்மா கல் கார்த்திகையிலிருந்து அங்கே இருக்கிறது.

எழுதிய பிறகு படித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது.

12-5-1982, புதன்

ஊர்க்கவுண்டர் கோபால்சாமி வந்து உட்கார்ந்தார். வெற்றிலை போட்டார். எழுந்து போகும்போதுதான் சொன்னார். "ஆனி வந்தா மழ வந்துரும் சின்னராசு. எல்லாரும் ஏர் ஓட்டி வெச்சிட்டாங்க. உன் நெலம் மட்டும் முள்ளோட கெடக்குது."

சரி என்றேன்.

ராத்திரி முனியன் பிடித்துக்கொண்டான். "நீ எடுக்கப்போறியா இல்லியாப்பா? வெதப்பு இல்லன்னா நானும் காந்தாவும் குடகுக்குக் காப்பித் தோட்டத்துக்குப் போறோம். மேஸ்திரி கேட்டுட்டுப் போய்ட்டான். சோத்துக்கு இன்னா பண்றது?"

அவன் சொல்வது நியாயம்தான். இந்த வருஷம் விதைக்காமல் போனால் இவர்கள் இறங்கிவிடுவார்கள். இறங்கியவர்கள் அங்கேயே தங்கிவிடுவதும் உண்டு. தெரிகிறது. தெரிந்தும் ஒன்றும் அசையவில்லை.

13-5-1982, வியாழன்

காலையில் கணவாய்க்கு நடந்து போனேன். எடுத்துவிடலாம் என்றுதான் போனேன். அவள் கல் கறுப்பு. குறுக்கே வெள்ளைக் கோடு ஒன்று ஓடும். என்னைப் போலக் கையில் பட்டதை எடுத்து வைக்கிறவள் அல்ல அவள். பஸ் ஹாரன் அடித்தாலும் தேடி, துடைத்து, நிறுத்தி வைப்பாள்.

முன்னால் நின்றேன். பீடி குடித்தேன். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஏன் எடுக்கவில்லை? துக்கம் என்றால் அழுகை வர வேண்டும். அழுகை இல்லை. பயமா? இல்லை. கை போகவில்லை, அவ்வளவுதான்.

அவள் வயிறு வீங்கிப் போய் வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். நான், முனியன், அவள். மூன்று கல் வைத்தோம். ஆப்பரேஷன் செய்தார்கள். பிழைக்கவில்லை. அந்த வாரம் அடைமழை. கணவாயில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. எந்த வண்டிக்காரனும் மேலே வர ஒப்பவில்லை. படவேட்டிலிருந்து என் சிநேகிதன் பஞ்சாட்சரம் வந்தான். அவன்தான் ஆள் பிடித்து, பாலாற்றங்கரையில் இடம் கேட்டு, அங்கேயே அடக்கம் செய்ய ஏற்பாடு செய்தான். நானும் முனியனும் நடந்தே மலை ஏறினோம். என் கல்லை நான் எடுத்தேன். அவன் கல்லை அவன் எடுத்தான்.

அன்றைக்கும் நான் அழவில்லை. மழையில் யாருக்கும் தெரியவில்லை.

16-5-1982, ஞாயிறு

பஞ்சாட்சரம் வந்தான்.

முன்னெல்லாம் மாசி பங்குனியில் புளி வாங்க வருவான். எங்கள் வீட்டில்தான் தங்குவான். நாங்கள் ரெண்டு பேரும் மீசை முளைக்காத காலத்திலிருந்து பழக்கம். இப்போது வியாபாரம் மகனிடம். இது சும்மா வந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கி வீடு வருவதற்குள் நாலு இடத்தில் உட்கார்ந்தானாம்.

"முட்டி போச்சுய்யா. இதான் கடேசி. இனிமே உன்ன பாக்கணும்னா நீ எறங்கி வா."

காந்தா சாமைச் சோறும் கீரையும் போட்டாள். தின்றுவிட்டுக் கை கழுவினான். முனியன் அம்மா கைச் சமையலாக இருந்தால் உப்பு அதிகம் என்று வம்புக்கு இழுப்பான். அவளும் "படவேட்டுல உப்பே விக்கிறதில்லியா, நாக்கு செத்துப்போச்சா" என்பாள். அந்தச் சண்டை இல்லாமல் சாப்பாடு முடிந்தது.

நான் எழுதுவதைக் காட்டினேன். வாங்கிக்கொள்ளாமல் தூரத்திலிருந்தே பார்த்தான். "கோழி கிண்டுன மாதிரி இருக்குது" என்றான். ஆனால் சந்தோஷம்தான் அவனுக்கு.

17-5-1982, திங்கள்

பஞ்சாட்சரம் வேலூருக்குப் போகலாம் என்கிறான். ரெண்டு நாள். எதற்கு என்றேன்.

"எதுக்கும் இல்ல. லாட்ஜுல ரூம்பு போட்டுக்கினு, ஓட்டல்ல துன்னுட்டு, சினிமா பாத்துட்டு வருவோம். நானும் நீயும் எத்தினி தடவ வேலூர் போயிருப்போம்? புளி மூட்டையோட போனோம், மாட்டோட போனோம். ஒரு தடவயாச்சும் சும்மா போனமா?"

முனியனும் போய்ட்டு வா என்றான். என்னை வெளியே அனுப்பிவிட்டால் ஏதாவது மாறும் என்று நினைக்கிறான் போலிருக்கிறது.

போவதும் ஒன்றுதான், இருப்பதும் ஒன்றுதான். சரி என்றேன். வேலூரில் நிறைய போர்டு இருக்கும் என்பது மட்டும் ஞாபகம் வந்தது.

18-5-1982, செவ்வாய், வேலூர்

லாட்ஜில் மேஜை, நாற்காலி, விசிறி எல்லாம் இருக்கிறது. மேஜையில் வைத்து எழுதினால் கை அவ்வளவு வலிக்கவில்லை.

காலையில் கணவாயில் பஸ் நின்றது. டிரைவர் கற்பூரம் ஏற்றினார். நான் ஒரு கல்லை எடுத்து வைத்தேன். எப்போதும் வைக்கிற இடம்தான், அவள் கல்லுக்கு வலது பக்கம். வேறு இடத்தில் வைக்கலாம் என்று தோன்றக்கூட இல்லை.

பஞ்சாட்சரமும் இறங்கி வந்தான். முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து உருண்டையாக ஒன்றைப் பொறுக்கினான்.

"நீ இன்னாத்துக்குய்யா வெக்கிற? நீ கீழ் ஆளு. உனக்கு இது வூடு திரும்புற வழி."

"இருக்கட்டுமே."

"வெச்சா வந்து எடுக்கணும். இல்லன்னா பாவம்."

"அதான் வெக்கிறேன். முட்டி வர மாட்டேங்குது. கல்லு இருந்துச்சுன்னா அதுக்கும் பயம் இருக்கும்ல" என்று என் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தான்.

கண்டக்டர் சிரித்தார். "பெருசுங்களா, வெளாட்டெல்லாம் அப்பறம், ஏறுங்க."

போளூரில் மாறி, கண்ணமங்கலம் வழியாக வேலூர் பஸ். வழியெல்லாம் படித்துக்கொண்டே வந்தேன். பஸ்ஸுக்குள்ளேயே எவ்வளவு எழுதியிருக்கிறார்கள். கரம் சிரம் புறம் நீட்டாதீர். அதற்கு என்ன அர்த்தம் என்று பஞ்சாட்சரத்தைக் கேட்டேன். "கையையும் தலையையும் உள்ள வெய்யின்றான், நீ கழுத்த வுட்டுக்கினு வர்ற" என்றான். மூட்டைப்பூச்சி மருந்து. நயமான ஜவுளி. உரம் கிடைக்கும். இத்தனை வருஷமாக இந்தச் சுவரெல்லாம் பேசிக்கொண்டே இருந்திருக்கின்றன. நான்தான் செவிடன் மாதிரி போய்வந்திருக்கிறேன்.

சத்தமாகப் படித்தேன் போல. முன் சீட்டு அம்மா திரும்பிப் பார்த்தது. பஞ்சாட்சரம், "அவரு பரிட்சைக்குப் போறாரும்மா" என்றான்.

19-5-1982, புதன், வேலூர்

கட்டிலில் படுக்க முடியவில்லை. கீழே துண்டை விரித்துப் படுத்தேன். பஞ்சாட்சரம் கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்து, "ரூம்புக்குக் காசு குடுத்துட்டு தரையில படுக்குறான் பாரு மலக்கவுண்டரு" என்றான். கொஞ்ச நேரத்தில் அவனும் இறங்கி வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டான். கட்டில் சும்மா கிடந்தது.

காலையில் ஓட்டலில் சுவரில் எழுதியிருந்ததை மேலிருந்து கீழே படித்தேன். இட்லி, பொங்கல், பூரி, ரவா தோசை, காப்பி. பரிமாறுகிற ஆள் நின்றுகொண்டே இருந்தான். என்ன வேண்டும் என்றான். ஒன்றும் வேண்டாம், படிக்கிறேன் என்றேன். பஞ்சாட்சரம் தலையில் அடித்துக்கொண்டு ரெண்டு பூரி சொன்னான். பூரி உப்பலாக வந்தது. குத்தினால் உள்ளே ஒன்றும் இல்லை. என் உள்ளேயும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

கோட்டை பார்த்தோம். அகழித் தண்ணீர் பச்சையாக நின்றது. உள்ளே கோயிலில் போன வருஷம்தான் சாமியை வைத்தார்களாம். அதுவரை எத்தனையோ காலம் சாமி இல்லாத கோயிலாகவே இருந்ததாம். கும்பிட்டேன். எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

சினிமா பார்த்தோம். ஒரே சண்டை. பஞ்சாட்சரம் தூங்கிவிட்டான். திரையில் முதலில் ஓடுகிற பேர்களை ஒன்றுகூட முழுதாகப் படிக்க முடியவில்லை, அவ்வளவு வேகம்.

சாயங்காலம் லாங் பஜாரிலிருந்து வரும்போது ஆஸ்பத்திரி வழியாக வந்துவிட்டோம். பஞ்சாட்சரம் என் கையைப் பிடித்து அந்தப் பக்கம் இழுத்தான். "அங்க பழக்கட இருக்குது, வா." நான் நின்றுவிட்டேன். வாசலில் போர்டு இருந்தது. பார்வையாளர் நேரம் மாலை 4 முதல் 6 வரை.

இதுதானா விஷயம். அப்போது தினமும் விடிகாலையிலேயே வந்து இந்த வாசலில் உட்கார்ந்திருப்பேன். காவலாளி கையை ஆட்டி ஏதோ சொல்வார். என்னை மலைக்காரன் என்று விரட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பேன். அவர் போர்டைத்தான் காட்டியிருக்கிறார்.

அவளிடம் சாயங்காலம் போனதும், காலையிலிருந்து வெளியேதான் இருந்தேன் என்பேன். "தெரியும், பீடி நாத்தம் இங்க வரைக்கும் வருது" என்பாள். வந்திருக்காது. சும்மா சொன்னாள்.

எழுதும்போது ஏதாவது வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

20-5-1982, வியாழன்

வேலூரில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது இதை எழுதுகிறேன்.

காலையில் பஞ்சாட்சரம் பல் விளக்கிக்கொண்டே, "ஆத்துப் பக்கம் போலாமா" என்றான். முகத்தைப் பார்க்காமல் கேட்டான். போனோம்.

பாலாற்றில் தண்ணீர் இல்லை. மணல்தான். கார்த்திகையில் ஓடிய வெள்ளம் கரையை அறுத்துவிட்டுப் போயிருக்கிறது. அவளைப் புதைத்த இடம் இந்தப் பனைமரத்துக்கு இந்தப் பக்கம் என்றான். பிறகு அந்தப் பனைமரம் என்றான். துணி வெளுக்கிறவர்கள் சேலைகளைக் காயப்போட்டிருந்தார்கள். அவர்களிடம் கேட்டான். அவர்களுக்குத் தெரியவில்லை.

பஞ்சாட்சரம் உட்கார்ந்து அழுதான். "நான்தான்யா எடம் காட்டுனேன். ஒரு கல்லு நட்டிருக்கலாம். நட்டிருக்கலாம்ல." முட்டியை நீட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். நான் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தேன். விடுய்யா, விடுய்யா என்றேன். காய்கிற சேலைகளைப் பார்த்தேன். அவளுக்கு இந்தப் பச்சை பிடிக்கும் என்று நினைத்தேன். மணல் சூடாக இருந்தது. அவ்வளவுதான்.

அவள் செத்ததற்கு அவன் அழுகிறான், நான் தேற்றுகிறேன். இது என்ன மாதிரி மனுஷன் நான்?

பஸ் வந்துவிட்டது.

அதே நாள், வீட்டில்

சந்தவாசலில் பஞ்சாட்சரம் இறங்கிக்கொண்டான், படவேட்டுக்குப் போக. ஜன்னலுக்குக் கீழே நின்று, "என் கல்ல பாத்துக்கோ" என்றான். முகம் இன்னும் வீங்கியிருந்தது.

போளூரில் கடைசிக்கு முந்தின பஸ். கணவாய் வரும்போது வெளிச்சம் மங்கிவிட்டது. மேகம் வேறு தரையோடு தரையாக இறங்கியிருந்தது. மழை வரும் முன்னால் போய்விட வேண்டும் என்று டிரைவர் அவசரப்பட்டார். "கல்லு எடுக்கிறவங்க சீக்கிரம்." நானும் இன்னும் ரெண்டு பேரும் இறங்கினோம். குனிந்தேன். எடுத்தேன். நிமிர்வதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். உருட்டக்கூட நேரம் இல்லை. மடியில் போட்டுக்கொண்டு ஏறினேன்.

வீட்டில் வேட்டியை அவிழ்க்கும்போது கல் தரையில் விழுந்தது. காந்தா விளக்கைக் கொண்டுவந்தாள். பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மாமா. இது அத்த கல்லு."

வெள்ளைக் கோடு.

21-5-1982, வெள்ளி

எப்படி நடந்தது என்று இப்போது தெரிகிறது.

நானும் அவளும் கீழே போய்த் திரும்பும்போதெல்லாம் அவள் தலையில் மூட்டை இருக்கும். உப்போ, வெல்லமோ, துணியோ. அவளால் குனிய முடியாது. நான்தான் குனிந்து முதலில் அவள் கல்லை எடுத்து அவள் கையில் கொடுப்பேன். அவள் அதை உருட்டிவிடுவாள். அப்புறம்தான் என் கல். கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து அப்படித்தான். மனம் எங்கேயோ இருந்தது. கை தன் வழக்கத்தைச் செய்துவிட்டது.

இடது பக்கத்துக் கல்லை எடுத்தாயிற்று. விசில். அவ்வளவுதான்.

அப்படியானால் என் கல் இன்னும் அங்கேயே இருக்கிறது.

22-5-1982, சனி

ஊரெல்லாம் இதுதான் பேச்சு. ஊர்க்கவுண்டர் வந்தார், மணியம்மாள் வந்தாள், பக்கத்து நிலத்துக்காரன் தசரதன் வந்தான். கல்லைக் கூடத்தில் ஒரு முறத்தில் வைத்துச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

தசரதன் செல்லாது என்றான். "தெரியாம எடுத்தது எடுத்ததாகாது. மனசார எடுக்கணும். கொண்டுபோய் வெச்சிட்டு மறுபடியும் எடுக்கட்டும்."

"வெச்சத திருப்பி வெப்பாங்களா? செத்தவள மறுபடியும் அனுப்புறியா நீ?" என்றாள் மணியம்மாள். இவள் என் பெரியப்பா மகள். வாயாடி, சின்ன வயதில் வாயில் வசம்பு தேய்க்கவில்லை என்று அவளை எல்லோரும் சொல்வார்கள்.

"அதுகூட இருக்கட்டும்" என்றார் ஊர்க்கவுண்டர். "இன்னொரு சிக்கல் இருக்குது. இவன் கல்லு அங்க இருக்குது. கணக்குப்படி சின்னராசு இன்னும் வந்து சேரல. வராதவன் எப்பிடி வெதைக்கிறது?"

"அப்ப இங்க குந்திக்கினு கஞ்சி குடிக்கிறது யாரு?" என்றான் முனியன்.

எல்லோரும் சிரித்தார்கள். ஊர்க்கவுண்டரும் சிரித்தார். எனக்கும் வந்தது. சிரித்து முடித்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

கடைசியில் ஊர்க்கவுண்டர் சொன்னார், "நாளைக்குக் கணவாய்க்குப் போ. இந்தக் கல்ல எடுத்துக்கினு போ. வெக்கிறதா வெக்காததா, உன் கல்ல எடுக்கிறதா, அங்க நின்னு பாத்து நீயே முடிவு பண்ணு. நாங்க யாரும் வரல."

23-5-1982, ஞாயிறு

தனியாகப் போனேன். வெயில் ஏறும் முன்னால் போய்விட்டேன். அவள் கல் மடியில் இருந்தது. நடக்க நடக்க இடுப்பில் இடித்துக்கொண்டே வந்தது.

அம்மன் முன்னால் நிறையக் கல் இருந்தது. என் கல் எது என்று கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. அவள் கல் இருந்த இடம் ஈரமாக, பள்ளமாக இருந்தது. ஆறு மாதம் இருந்த பள்ளம். அதற்கு வலது பக்கம் நான் வைத்தது. அதற்கு அந்தப் பக்கம் பஞ்சாட்சரத்தின் உருண்டைக் கல்.

என் கல் தனியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். தனியாக இல்லை.

திருப்பி வைப்பதா என்று யோசித்தேன். மணியம்மாள் சொன்னதுதான் சரி. அந்தப் பள்ளத்தில் மறுபடி வைக்க முடியாது. சரி, என் கல்லை எடுக்கலாம் என்று குனிந்தேன். குனியவும் மடியிலிருந்து அவள் கல் நழுவியது. பிடித்துக்கொண்டேன். வலது கையில் அவள் கல்.

அங்கேயே நின்றுவிட்டேன். அவள் கல்லை அவள் கையில் கொடுத்துவிட்டுத்தானே என் கல்லை எடுப்பேன். இப்போ யார் கையில குடுக்கிறது? மூட்டைய வெச்சிக்கினு நீ எங்க நிக்கிற? திரும்பிப் பார்த்தேன். வழக்கமாக நிற்கிற இடத்தைப் பார்த்தேன். ரோடுதான் இருந்தது. ஒரு லாரி ஏறிக்கொண்டிருந்தது. குடுக்க ஆள் இல்லியேம்மா. கையில வெச்சிக்கினு நிக்கிறேனே, வந்து வாங்க மாட்டியா.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. லாரிக்காரன் நிறுத்தி, "இன்னா பெரியவரே, ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டான். போ போ என்று கையைக் காட்டினேன். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. மழை இல்லை.

பிறகு அவள் கல்லை என் இடது கைக்கு மாற்றினேன். மாற்றிவிட்டு வலது கையால் என் கல்லை எடுத்தேன். சரிவில் உருட்டினேன். கீழே வெகுதூரம் சத்தம் கேட்டது.

வந்து சேர்ந்துவிட்டேன்.

பஞ்சாட்சரத்தின் கல்லைத் தொடவில்லை. அது அவன் எடுக்க வேண்டியது.

24-5-1982, திங்கள்

தூங்கினேன். பகல் முழுவதும்.

2-6-1982, புதன்

முனியன் நிலத்தில் முள் வெட்டுகிறான். குடகு மேஸ்திரி வந்தான். காந்தா அவனுக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

அவ்வப்போது அழுகை வருகிறது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது, பல் விளக்கும்போது, சும்மா இருக்கும்போது. நிறுத்தப் பார்ப்பதில்லை. காந்தா பார்த்தும் பார்க்காத மாதிரிப் போகிறாள். நல்ல பெண்.

6-6-1982, ஞாயிறு

வாத்தியார் ஒரு போஸ்ட்கார்டு கொடுத்தார். என் கையால் யாருக்காவது எழுதச் சொன்னார். யாருக்கு என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பாதி நாள் ஆயிற்று. எழுதியது இது:

பஞ்சாட்சரத்துக்கு சின்னராசு எழுதுவது. நலம். ஆற்றங்கரையில் இடம் தெரியவில்லை என்று நீ வருத்தப்பட வேண்டாம். அவள் இங்கே வந்துவிட்டாள். உன் கல் கணவாயில் பத்திரமாக இருக்கிறது. உப்பு அதிகமாகப் போட்டுச் சமைக்கச் சொல்கிறேன். வந்து எடு.

விலாசம் மட்டும் வாத்தியார் எழுதினார். என் எழுத்தைத் தபால்காரர் பெரிய மனசு பண்ணித்தான் படிக்க வேண்டும்.

24-6-1982, வியாழன்

விதைத்தோம்.

கூடையை நான்தான் அவிழ்த்தேன். போன வருஷம் அவள் போட்ட முடிச்சு. பூச்சி வராமல் இருக்கச் சாமையோடு நொச்சி இலை போட்டு வைப்பாள். இலை காய்ந்து நொறுங்கிவிட்டது, வாசனை மட்டும் இருந்தது. மூக்கில் ஏறியது. முனியன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மேட்டில் அவள் கல்லை வைத்தேன். இடம் தேடி, துடைத்து, நிறுத்தி வைத்தேன். அவள் வைப்பது மாதிரி. முதல் கைப்பிடியை அதன்மேல் தூவினேன். ஊர்க்கவுண்டர், "வந்து சேர்ந்தா" என்றார். எல்லோரும் "வந்து சேர்ந்தா" என்றார்கள். தசரதனும்தான்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது.

4-7-1982, ஞாயிறு

சாமை முளைத்திருக்கிறது. பச்சை. கல்லைச் சுற்றிலும் கொஞ்சம் நெருக்கமாக.

படவேட்டிலிருந்து பதில் வந்தது. நானே படித்தேன். முட்டிக்கு எண்ணெய் தேய்க்கிறானாம். ஆடி கழிந்ததும் வருவானாம். உப்பு குறைவாகவே போடச் சொல் என்று எழுதியிருக்கிறான்.

கணவாய்ப் பக்கம் போக வேண்டியிருந்தது. மழையில் மண் அரித்து அவன் கல் சாய்ந்து கிடந்தது. நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தேன்.